வானம் பார்க்கும் பெட்டிக்கு நான் வைத்த கிரீடம்

பதினோரு மாதம் என் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. ஒரு வார்த்தை கூட இல்லை.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி என்னோடு மலை சுற்றி வருகிற அக்கா தங்கைகளே, இதைப் படித்ததும் உங்களில் பாதிப் பேர் "கொடுத்து வைத்தவள்" என்று பெருமூச்சு விடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? ஆனால் பட்டுப் பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய தண்டனை என்று தெரியும். நான் பட்டேன். நம்ம திருக்கழுக்குன்றத்து வேதகிரீஸ்வரர் என்னை அதிலிருந்து மீட்டார். அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நடுநடுவே முறைக்கிறாள், அதையும் பொறுத்துக்கொள்கிறேன்.

தப்பு என்னுடையது. 2007 கார்த்திகையில் படாளத்தில் அவருடைய தம்பி மகளுக்குக் கல்யாணம். பந்தியில் சம்பந்தி வீட்டார் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. அவரைப் பற்றி ஒரு விஷயம் எடுத்துவிட்டேன். நாற்பது வருஷமாக அவரும் நானும் மட்டும் அறிந்த விஷயம். பந்தி முழுக்கச் சிரித்தது. பரிமாறுகிறவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அவர் பாயசத்தைத் தொடாமல் இலையை மூடிவிட்டு எழுந்து போனார். பாயசத்தை விட்டு எழுந்திருக்கிற ஆள் இல்லை அவர்.

நான் சொன்னது என்ன என்று கேட்கிறீர்களா? சொல்ல மாட்டேன். ஒரு தடவை சொன்னதற்கே பட்டது போதும். உங்களுக்கு நாக்கு ஊறினால் ஊறட்டும்.

அன்றிலிருந்து அவர் எனக்கு ஊமை. மருமகளோடு பேசுவார், பேரப்பிள்ளையோடு பேசுவார், பால்காரனோடு மணிக்கணக்கில் பேசுவார். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் மருமகளைப் பார்த்து, "அவங்களாண்ட சொல்லும்மா, சோறு போதும்னு" என்பார். நான் கையில் கரண்டியோடு அவருக்கு ஒரு முழம் தள்ளி நிற்பேன். நாற்பது வருஷம் "அடியே" என்று கூப்பிட்ட மனுஷன் என்னை "அவங்க" என்றார். அந்த மரியாதை எனக்கு நெருப்பாகச் சுட்டது.

மன்னிப்புக் கேட்டேன். மூன்று தடவை கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். அதோடு நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு எனக்கு ஒரே ஆசைதான். அவர் என்னை ஒரு தடவை திட்ட வேண்டும். முன்பெல்லாம் காலையில் காபி சூடு பத்தவில்லை என்று தொடங்கினால் படுக்கப் போகும்வரை திட்டு ஓயாது. அது இல்லாமல் எனக்குப் பொழுது விடிந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே குழம்பில் உப்பை அள்ளிப் போட்டேன். வாயில் வைத்ததும் தட்டை வீசுவார், வீசட்டும் என்று கதவோரம் நின்று பார்த்தேன். மனுஷன் தட்டை வழித்துச் சாப்பிட்டார். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். போய்ப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு நான் அழுத அழுகை அந்தக் குழம்பைவிட உப்பு.

எங்கள் வீடு திருக்கழுக்குன்றத்தில் மலைக்குப் பின்பக்கத் தெருவில். பக்கத்துக் காலி மனையில் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஒரு டிரஸ்ட்டுக்காரர்களின் ஆம்புலன்ஸ் நிற்கும். டிரைவர் தனசேகர். அவனுக்கு என் கையால் நாஸ்தா, எனக்கு அவன் வாயால் ஊர்க்கதை. அந்த வருஷம் ஏதோ ஒரு காலேஜ்காரர்கள் வந்து அந்த வண்டியின் கூரைமேல் கறுப்பாக ஒரு சின்னக் குமிழை ஒட்டினார்கள். உள்ளே டிரைவர் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்தார்கள். செங்கல்பட்டில் மூன்று சிக்னல் கம்பத்திலும் ஏதோ மாட்டினார்கள். சோதனை பார்க்கிறார்களாம்.

"இன்னாடா அது, கூரைல கறுப்பு இட்லி மாதிரி?" என்றேன்.

"ஆயா, மேல வானத்துல செயற்கைக்கோள் சுத்திகினு கீது. அதாண்ட இருந்து இந்த இட்லி சேதி வாங்கி, வண்டி எங்க போவுதுன்னு பொட்டிக்கு சொல்லும். பொட்டி முன்னால கீற சிக்னலுக்கு சொல்லும். நாம கிட்ட போறதுக்குள்ள நமக்கு பச்சை, குறுக்க வர்றவனுக்கு சிவப்பு. நிக்காம போய்கினே இருக்கலாம்."

"மேல இருந்து நம்ம ஊரு தெரியுமா அதுக்கு?"

"இந்தத் தெரு கூட தெரியும்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏன் என்று இந்த ஊர்க்காரர்களுக்குப் புரியும். கல்யாணமான புதிதில் அவரும் நானும் படாளத்திலிருந்து பஸ் ஏறி வந்து, உச்சி வேளையில் மலைமேல் தினமும் பிரசாதம் தின்ன வருகிற இரண்டு கழுகுக்காகக் காத்திருப்போம். இரண்டும் வந்து இறங்கிப் பிரசாதம் தின்றுவிட்டுப் போகும்போது அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். கூட்டத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அவருக்கு நினைப்பு. தொண்ணூறுகளில் கழுகு வருவது நின்றுபோனது. அதற்குப் பிறகும் இரண்டு தடவை ஏறிப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வெறும் வானத்தோடு இறங்கி வந்தோம். கழுகு வராவிட்டால் என்ன, ஏதோ ஒன்று மேலிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன். அந்தக் கறுப்புக் குமிழ்மேல் எனக்கு பக்தியே வந்துவிட்டது.

அந்த பக்திதான் வினையாகப் போனது.

2008 ஆயுத பூஜை. தனசேகர் வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினான். எலுமிச்சம்பழம் வாங்கக் கடைக்குப் போனான். நான் அண்ணாந்து பார்த்தேன். ஸ்டியரிங்குக்குப் பொட்டு, டயருக்குப் பொட்டு, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற குமிழுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. மனசு கேட்கவில்லை. கொட்டகையில் கிடந்த ஏணியைச் சாத்தி ஏறினேன். அறுபத்தைந்து வயதில் புடவையைச் செருகிக்கொண்டு நான் ஏறியதை யாரும் பார்க்கவில்லை, அதுவும் ஈசன் அருள்தான். குமிழுக்குச் சந்தனம் பூசினேன். மழைக்காலம் வருகிறதே, நனையுமே என்று எங்கள் வீட்டு எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைக் கிரீடம் மாதிரி அதன்மேல் கவிழ்த்து, மஞ்சள் கயிற்றால் கூரைக் கம்பியோடு மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கினேன். மேலே சாமந்தி மாலையைச் சுற்றினேன். கிண்ணம் வெளியே தெரியவில்லை. தனசேகர் வந்து பார்த்து, "ஆயா, கூரைக்குக் கூட மாலையா? ஷோக்கா கீது!" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. வண்டி எங்கேயும் போகவில்லை. அதற்கு அடுத்த நாள் காலை ஒன்பது மணி இருக்கும். என் மகன் வேலைக்குப் போய்விட்டான். மருமகள் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடப் போயிருந்தாள். கொல்லைப்பக்கம் வாளி உருளுகிற சத்தம். ஓடினேன். கிணற்றடியில் அவர் உட்கார்ந்திருந்தார். நெஞ்சைப் பிடித்திருந்தார். சட்டை போடாத உடம்பெல்லாம் வியர்வை. முகம் சாம்பல் நிறம்.

"இன்னா பண்ணுது? சொல்லுய்யா, இன்னா பண்ணுது?"

என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. பதினோரு மாதத்தில் முதல் தடவை என்னிடம் பேச வாய் திறந்தார், சத்தம்தான் வரவில்லை.

நான் போட்ட கூச்சலில் தனசேகர் சுவர் ஏறிக் குதித்தான். ஐந்து நிமிஷத்தில் அவரைப் படுக்கையில் போட்டு வண்டி கிளம்பிவிட்டது. வண்டியோடு எப்போதும் வருகிற நர்ஸ் ஆக்சிஜனை மாட்டினாள். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். செங்கல்பட்டு வரைக்கும் சாலை காலியாக இருந்தது. வண்டி பறந்தது. நர்ஸ் நாடியைப் பார்த்துவிட்டு, "அண்ணா, சீக்கிரம்" என்றாள். தனசேகர், "ஊருக்குள்ள போனா பொட்டி பாத்துக்கும்மா" என்றான்.

ஊருக்குள் போனோம். முதல் சிக்னல் சிவப்பு.

பச்சை வரவில்லை. விடுமுறை முடிந்த நாள், மொத்த ஊரும் சாலையில் இருந்தது. முன்னால் ஒரு டேங்கர், இடது பக்கம் பஸ், வலது பக்கம் செய்யூரிலிருந்து சவுக்குக் கட்டை ஏற்றி வந்த லாரி. குறுக்குச் சாலையில் வண்டிகள் விடாமல் ஓடிக்கொண்டிருந்தன. சைரன் அலறுகிறது, விலகி வழிவிட யாருக்கும் இடமில்லை.

"இன்னாடா பேஜாரு இது!" தனசேகர் பெட்டியை ஓங்கித் தட்டினான். "பொட்டில சிவப்பு லைட்டு எரியுது. மேல வானமே தெரியலைன்னு காட்டுதே! வானத்துல ஒரு மேகம் கூட இல்லியே!"

நான் வண்டியின் கூரையை அண்ணாந்து பார்த்தேன்.

"தம்பி," என்றேன். "அது தலைல நான் கிண்ணம் கவுத்துகினு கீறேன்டா."

"இன்னாது?"

"எவர்சில்வர் கிண்ணம். மாலைக்கு உள்ளாற. சாமிக்கு கிரீடம் மாதிரி..."

தனசேகர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "ஆயா! கண்ணக் கட்டி வுட்டுட்டியே ஆயா!"

கதவைத் திறந்து குதித்தான். அவன் கட்டைக் குட்டை. எக்கி எக்கிப் பார்த்தான், கூரை விளிம்புதான் கைக்கு எட்டியது. நான் பின்னாலேயே இறங்கினேன். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நடுச் சாலையில் நின்றேன். உள்ளே அவருடைய பாதம் தெரிந்தது. அந்தப் பாதத்தைப் பார்த்துக்கொண்டே வாய்விட்டுச் சொன்னேன்.

"வேதகிரீஸ்வரா, மூடினவ நான். தண்டிக்கணும்னா என்னைத் தண்டி. அந்தாளு என்னாண்ட சிரிச்சி பேச வேணாம். ஒரே ஒரு தடவை திட்டட்டும். அதுக்கு மட்டும் அவரை எனக்கு குடு."

மேலேயிருந்து குரல் வந்தது. "இன்னாம்மா, கூரைல இன்னா?"

சவுக்குக் கட்டைமேல் உட்கார்ந்திருந்த சுமைக்காரர். எங்கள் வண்டிக் கூரை அவர் காலுக்குக் கீழே இருந்தது.

"அண்ணாத்த, அந்த மாலைக்கு கீழ கிண்ணம் ஒண்ணு கீது, பிச்சி எறி!" என்று தனசேகர் கத்தினான்.

அவர் ஒரு கையால் கட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மாலையைப் பிய்த்தார். கிண்ணத்தை இழுத்தார். வரவில்லை. "யாருப்பா இந்த முடிச்சு போட்டது, எருமைய கட்டறாப்ல?" என்று இடுப்பிலிருந்த கத்தியால் கயிற்றை அறுத்தார். கிண்ணம் தார்ச்சாலையில் விழுந்து உருண்டு பஸ்ஸுக்கு அடியில் போனது.

"உடனே வராது, வானத்த தேடிப் புடிக்கணும்" என்றான் தனசேகர். நான் படுக்கைக்கு அருகே ஓடினேன். அரை நிமிஷம் இருக்கும், ஒரு நிமிஷம் இருக்கும். நமசிவாய, நமசிவாய என்று மட்டும்தான் எனக்கு வந்தது. நாடி பார்த்த நர்ஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போது முன்னாலிருந்து தனசேகர் அழுகிற குரலில், "புட்ச்சிகிச்சி ஆயா, புட்ச்சிகிச்சி!" என்றான். குறுக்கே ஓடிய வண்டிகள் நின்றன. டேங்கர் நகர்ந்தது. அடுத்த சிக்னல் நாங்கள் போகும்போதே பச்சை. அதற்கடுத்ததும் பச்சை. ஆஸ்பத்திரி வாசல்வரை வண்டி நிற்கவே இல்லை.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு கொஞ்சம் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

இரண்டாம் நாள் காலை அவர் கண் திறந்தார். நான் கட்டிலோரம் கைகட்டி நின்றிருந்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எவ்ளோ நேரமா தொண்டை காஞ்சி கெடக்கறேன், இன்னாடி வேடிக்கை பாத்துகினு நிக்கற? அறிவு கீதா உனக்கு? தண்ணி குட்றி."

அக்கா தங்கைகளே, எனக்கு அது வேதம். தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரி, "பாவம், அந்தம்மாவ எப்டி திட்றாரு பாரு" என்று என் பக்கம் பேசினாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

சாயங்காலம் கிண்ணம் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். முடிச்சு, எருமை, எல்லாம் கேட்டார். சிரிப்பு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் வந்து இரண்டு பேரையும் அதட்டினாள். அவள் போனபின் கூரையைப் பார்த்தபடி, "நீ வாய மூடிகினது எனக்கு ஒண்ணும் நல்லா இல்லடி. வூடே செத்துப் போயிருந்திச்சி" என்றார். பந்தியில் நடந்ததைப் பற்றி அன்றும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை. பேச வேண்டிய தேவை வரவில்லை.

தனசேகர் என்னிடம் கணக்குச் சொல்வான், கிண்ணம் போனது, கோள் தெரிந்தது, அவ்வளவுதான் ஆயா என்று. சரிதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் செய்யூரில் சவுக்கு ஏற்றிய லாரி, அந்த நிமிஷம், என் கைக்கெட்டாத கூரைக்குப் பக்கத்தில் வந்து நின்றதே, அதை எந்தக் கோள் கொண்டுவந்து நிறுத்தியது? படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அதன்பின் நான் யாரையும் நாலு பேர் முன்னால் வைத்துக் கேலி செய்வதில்லை. சிரிக்க வேண்டுமானால் என்னை வைத்தே சிரித்துக்கொள்கிறேன். சரக்குக்குக் குறைவில்லை என்று இப்போது உங்களுக்கே தெரியும். அந்தச் சோதனையும் சில மாதத்தில் முடிந்து பெட்டியைக் கழற்றிப் போய்விட்டார்கள். எங்கேயாவது சிக்னலில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டு கத்தினால் நான் நின்ற இடத்தில் கைகூப்புகிறேன். உள்ளே யாருடைய பாதத்தை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்களோ. நீங்களும் கூப்புங்கள்.

ஈசன் அவரை எனக்கு இன்னும் நான்கு வருஷம் கொடுத்தார். ஒரு நாள் விடாமல் திட்டினார். பிறகு ஒரு மாசி மாதம், தூக்கத்திலேயே, என்னிடம் சொல்லாமல் போய்விட்டார்.

உங்கள் வீட்டிலும் முகம் திருப்பிக்கொண்டு ஒருத்தர் இருக்கலாம். நல்ல பேச்சு வேண்டும், பழைய அன்பு வேண்டும் என்று பெரிதாகக் கேட்காதீர்கள். ஒரே ஒரு வார்த்தை, அது திட்டாக இருந்தாலும் போதும் என்று கேளுங்கள். சிறியதாகக் கேட்டவளுக்கு ஈசன் நான்கு வருஷம் அள்ளிக் கொடுத்தான். நம்பிக் கேளுங்கள்.

நானும் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். காபி ஆறிப்போகும்போதெல்லாம் கேட்கிறேன். இந்தத் தடவை அவன் உடனே தரவில்லை, காக்க வைக்கிறான். தருவான். நான் போய்ச் சேருகிற வாசலில் அந்த மனுஷன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பார். "இவ்ளோ நேரமா இன்னாடி பண்ணிகினு இருந்த?" என்பார்.