ஃபிளாப்பியின் நெற்றியில் பொட்டு

வீடியோ கேம் கேசட்டின் திறந்த பக்கத்தில் வாயை வைத்து ஊதினால், நாக்கில் லேசாக ஒரு உலோகக் கசப்பு தட்டும். தூசியும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த ருசி... வேறு எதிலும் அதை நான் கண்டதில்லை.

எண்பதுகளின் நடுவில் பெரியப்பா மகன் பாஸ்கர் அண்ணன், டி.வி.யில் மாட்டி விளையாடும் அந்தப் பெட்டியைத் துபாயிலிருந்து கொண்டுவந்தார். திருவண்ணாமலையில் எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் வீடியோ கேம். நான் அப்போது பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். விளையாடும் வயதைத் தாண்டிவிட்டதாக நினைப்பு. விடுமுறை முழுக்க விளையாடினேன்.

எங்கள் ஊர்ப் புழுதிக்குக் கேசட் பத்து நாள் தாங்காது. திரையில் கோடு கோடாக வரும். ஊதுவோம். ஊதியும் வராத ஒருநாள், அண்ணன் வெளியே போயிருந்தபோது ஸ்க்ரூ டிரைவரால் கேசட்டைத் திறந்துவிட்டேன். பயப்படும்படி உள்ளே ஒன்றுமில்லை. ஒரு சின்னப் பச்சைப் பலகை, அதன் ஓரத்தில் வரிசையாகப் பித்தளை நிறப் பட்டைகள். பென்சில் ரப்பரால் தேய்த்து மூடினேன். படம் வந்துவிட்டது.

"தொட்டா கெட்டுடும்னு சொன்னேன்ல?" என்றார் அண்ணன்.

"கெட்டதத்தான்ணா தொட்டேன்."

வீடியோ கேம் விளையாடினால் கவனம் கூடும், முடிவெடுக்கும் திறன் வளரும் என்று ஒரு கட்டுரையை நண்பர் முகநூலில் பகிர்ந்திருந்தார். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. நான் கற்றது ஒன்றுதான், கெட்டுப்போனதைத் திறந்து பார்க்கலாம் என்பது. அதுவும் ஒரே ஒருமுறைதான் பெரிதாகக் கைகொடுத்தது.

எம்.எஸ்ஸி. முடித்ததும் தேரடித் தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். ஏ.சி. அறை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு பெரியவர் கண்ணாடிக்கு வெளியே நின்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

அறையைப் பெருக்கித் துடைக்க சரசக்கா இருந்தார். தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். கணவர் இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்த காலையில், மேஜையில் இருந்த ஃபிளாப்பியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

அந்தக் காலத்து ஃபிளாப்பி. கறுப்புச் சதுர உறைக்குள் மெல்லிய வட்டத் தகடு. உறையில் நீளமாக ஒரு திறப்பு இருக்கும். அதன் வழியாகத்தான் இயந்திரம் தகட்டைப் படிக்கும். சரியாக அந்தத் திறப்பில் சந்தனம், அதன் மேல் குங்குமம்... காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

ஒரு பள்ளிக்கூடத்தின் மாணவர் பட்டியல் அதில் இருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து அடித்தது. நகல் எடுத்து வைக்கும் பழக்கம் எங்களுக்கு அப்போது இல்லை. மறுநாள் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும்.

"நான்தாம்மா வெச்சேன்" என்றார் சரசக்கா, சாதாரணமாக. "காயிதக் கவரோட வெச்சா சாமிக்கு ஆவுமா? அதான் எடுத்துட்டு வெச்சேன். அந்த எடம் மட்டுந்தான் பளபளன்னு நெத்தியாட்டம் இருந்துச்சு."

என் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "இன்னாம்மா... கெட்டுப்பூட்ச்சா? சாருக்குத் தெரிஞ்சா நிறுத்திடுவாரே."

முதலாளி நிறுத்திவிடுவார்தான். ஒயரைத் தடுக்கிவிட்டதற்காக ஒரு வாட்ச்மேனை முந்தின மாதம்தான் அனுப்பியிருந்தார்.

பிளேடால் உறையின் ஓரத்தைக் கீறித் தகட்டை வெளியே எடுத்தேன். குழாய்த் தண்ணீரில் மெதுவாகக் காட்டினேன். சந்தனம் கரைந்து ஓடியது. சரசக்கா ஒரு புதுத் துண்டை விரித்தார். அதில் தகட்டைப் பரப்பிய நேரத்தில் முதலாளி உள்ளே வந்தார்.

"என்னம்மா இது... அப்பளம் காய வெக்கிறீங்களா?"

ஃபிளாப்பியில் பொட்டு பட்டதைச் சொன்னேன்.

"யாரு பொட்டு வெச்சது?"

வீடியோ கேமில் எல்லோருக்கும் மூன்று உயிர். யார் விளையாடினாலும் அதே மூன்றுதான். அந்த அறையில் அப்படி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. என்னிடம் பட்டம் இருந்தது, சம்பாதிக்கும் அப்பா இருந்தார். சரசக்காவிடம் அந்த வேலை ஒன்றுதான் இருந்தது.

"நான்தான் சார்."

"எம்.எஸ்ஸி. படிச்சவங்களுக்குக் கூடவா இது தெரியாது?"

தகடு காய்ந்ததும் புது ஃபிளாப்பி ஒன்றைக் கீறி, அதன் உறைக்குள் இதை நுழைத்து டிரைவில் போட்டேன். கரகரவென்று இழுத்தது. பெயர்கள் வந்தன. பத்தாம் வகுப்பு 'சி' பிரிவு மட்டும் கடைசிவரை வரவில்லை. அதை அன்றே மறுபடி அடித்தேன்.

வெகுநாள் அங்கே எனக்குப் 'பொட்டு மேடம்' என்றே பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். சொல்லாதது காதில் விழுந்துகொண்டே இருக்கும். உள்ளூர எனக்குக் கசந்தது, இப்போது மறைப்பானேன்.

சரசக்கா நன்றி சொல்லவில்லை. மாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றார். "சாமிக்கு வெச்சது நானு. புண்ணியத்த மட்டும் நீ வாங்கிக்கினியா?" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். கண் அதற்குள் நிறைந்துவிட்டது.

இப்போது எதுவும் அப்படி ஒரேயடியாகத் தொலைவதில்லை. மூன்று இடத்தில் நகல் இருக்கிறது, அழித்தாலும் திரும்ப வருகிறது. ஆனாலும் அலுவலகத்தில் ஒரு தவறு நடந்தால் முதலில் எழுவது "யாரு செஞ்சது?" என்பதுதான். எப்படிச் சரிசெய்வது என்பது அதற்குப் பிறகு.

அந்தக் கேள்வியைக் கேட்கும் நாற்காலியில் இப்போது நான் இருக்கிறேன். சில நாள் கேட்காமல் இருந்துவிடுகிறேன்... சில நாள் வாய் முந்திக்கொள்கிறது.