பாதிப் பாட்டில் ஒரு துண்டு

கோடை விடுமுறையில் ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றின் புல்வெளியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பேண்ட் கச்சேரி வைத்திருந்தார்கள். பெங்களூரில் படிக்கும் எங்கள் மகளும் அவள் தோழிகளும் தொடங்கிய பேண்டுக்கு அதுதான் முதல் மேடை. நானும் வீட்டுக்காரரும் மாரமங்கலத்திலிருந்து காலை பஸ்ஸிலேயே போய் இடம் பிடித்துவிட்டோம்.

முதலில் வந்த பையன்கள் பாடினார்களா, யாரையாவது திட்டினார்களா என்றே எனக்குப் புரியவில்லை. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. சுற்றியிருந்தவர்கள் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். நானும் ஆட்டி வைத்தேன். வீட்டுக்காரருக்குப் பொறுமை இல்லை, டீ குடிக்க எழுந்து போனார். அவர் போனபின் பக்கத்தில் வந்து உட்கார்ந்த சென்னை அம்மா ஒருவர் நன்றாகப் பேசினார். எங்கள் ஊர்ப் பேச்சு எட்டிப் பார்த்துவிடாமல், புத்தகம் வாசிப்பதுபோல நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

மகள் கிடாரோடு வந்தாள். முதல் பாட்டிலேயே கூட்டம் எழுந்து ஆடத் தொடங்கியது. பக்கத்து அம்மாவிடம் “என் பொண்ணு” என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேடைப் படியில் வேட்டியை மடித்துக் கட்டிய ஓர் ஆள் ஏறிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர். கையில் சரிகைத் துண்டு.

எங்கள் மாரியம்மன் பண்டிகை ஆர்கெஸ்ட்ராவில் நம் வீட்டுப் பிள்ளை பாடினால், பாட்டு முடியும்வரை யாரும் காத்திருப்பதில்லை. பாதியில் போய்த் துண்டு போர்த்தினால்தான் மரியாதை. அதையே இங்கேயும் செய்தார் மனிதர். துண்டு வழுகிக் கிடார் கம்பிமேல் விழுந்து சத்தம் அமுங்கியது. டிரம்ஸ் அடித்த பெண்ணும் நிறுத்திவிட்டாள். கூட்டம் சிரித்தது. ஆளாளுக்குப் போனைத் தூக்கினார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

“யாருங்க அந்த ஆளு? குடிச்சிருக்காரா?” என்றார் பக்கத்து அம்மா.

டீயையும் கோயில் தீர்த்தத்தையும் தவிர வேறு எதையும் தொடாத மனிதர் அவர்.

“தெரியலைங்க” என்றேன்.

சொன்ன வாய் மூடவில்லை, மைக்கில் மகள் குரல் கேட்டது. “சிரிக்காதீங்க. இவரு எங்கப்பாங்க. பாதிப் பாட்டுல துண்டு போத்தறது எங்கூர்ல நொம்பப் பெரிய மரியாதைங்க.” பெங்களூர்ப் பேச்சு ஒரு சொட்டு இல்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தில் கண்ணால் துழாவினாள். “எங்கம்மாளும் வந்திருக்காங்க. அதா, பச்சைச் சேலை. அம்மா, கையத் தூக்கும்மா!”

பக்கத்து அம்மா என் சேலையைப் பார்த்தார்.

கையைத் தூக்கினேன். மேடையில் வீட்டுக்காரர் என்னைச் சுட்டிக் காட்டிச் சிரித்தார். கூட்டமே திரும்பி எனக்காகக் கை தட்டியது. அந்த அம்மாவும் தட்டினார், என் முகத்தை மட்டும் பார்க்காமல்.