ஆங்கிலத்தில் என் அப்பா

என் அப்பா குடிக்க மாட்டார். டீயே அரை கிளாஸுக்கு மேல் இறங்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொல்லவில்லை.

வேளாண்மை படித்து முடித்திருந்தேன். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு முழுச் செலவையும் ஏற்கும் ஓர் அறக்கட்டளை, நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தது. அதை விட்டால் எங்கள் வீட்டுக்கு வேறு வழி கிடையாது. பயிற்சிக்காகத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம், ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த ஒரு சென்டரில் சேர்ந்தேன். அதை நடத்திய சார் முதல் நாளே கேட்டார்.

"அப்பா என்ன பண்றாரு?"

"ரெட்டியார்சத்திரம் பக்கம் சம்பங்கி போட்டிருக்காரு சார்."

"குடிப்பாரா?"

"இல்ல சார்."

"அம்மாவ அடிப்பாரா?"

"அதெல்லாம் இல்ல சார்."

அவர் முகம் விழுந்துவிட்டது. "பின்ன எத வச்சும்மா உன்னைய எடுப்பாங்க? மார்க்கு எல்லார்கிட்டயுந்தான் இருக்கு. கதை வேணும்ல."

கதையை அவரே எழுதிக் கொடுத்தார். ஆங்கிலத்தில் பத்து வரி. அதில் என் அப்பா தினமும் குடித்துவிட்டு வந்து என் புத்தகங்களைக் கிழித்தார். அம்மா பூப்பறித்து என்னைக் காப்பாற்றினார். நான் தெருவிளக்கில் படித்தேன். தோட்டத்துக்குள் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் தெருவே கிடையாது. அந்தத் தாளை சாரின் முகத்திலேயே வீசிவிட்டு வந்திருக்க வேண்டும். நான் அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

எதிரில் யாரையாவது உட்கார வைத்து, கண்ணைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும் என்பது சாரின் உத்தரவு. அம்மாவுக்கு வேலை ஒழியாது. அப்பாதான் பூவை மார்க்கெட்டில் போட்டுவிட்டு வந்து, வெள்ளைச் சட்டைக்கு மாறி, பிளாஸ்டிக் சேரில் அதிகாரி மாதிரி நிமிர்ந்து உட்காருவார். அவர் கண்ணைப் பார்த்தே பத்து வரியையும் சொன்னேன். அர்த்தம் புரியாமலே ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார்.

"ஃபாதர்னு வந்துச்சே, அது என்னையப் பத்தியாத்தா?"

"ஆமாப்பா. நீங்க கஷ்டப்பட்டுப் படிக்க வச்சீங்கன்னு."

"என்னையப் பத்தி எதுக்கு அம்புட்டுப் பேசுற? உன் படிப்பச் சொல்லு," என்றார். ஆனால் மறுநாள் அந்த இடம் வந்தபோது காலரைச் சரிசெய்துகொண்டார். தேர்வு வரைக்கும் பத்து நாளும் அப்படித்தான். பத்து நாளும் நான் நிறுத்தவில்லை.

தேர்வு மதுரையில், ஒரு ஹோட்டலில் நடந்தது. கூட வந்த அப்பா வராந்தாவில் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பத்து வரியைச் சொல்லப்போவதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். உள்ளே மூன்று பேர். சம்பங்கி வேரை நாசமாக்கும் நூற்புழுவைப் பற்றித்தான் படிக்கப் போகிறேன் என்று ஆரம்பித்தேன். எங்கள் தோட்டத்தில் பாதி அந்தப் புழுவால்தான் போயிருந்தது. ஒருவர் பிஸ்கட் எடுத்தார். நடுவில் இருந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். "அதெல்லாம் இருக்கட்டும், உன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லேன்," என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இடம் கையை விட்டுப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டேன். பத்து வரியும், ஒரு பிசிறு இல்லாமல். மூன்று பேரும் எழுத ஆரம்பித்தார்கள். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. குடிக்காத ஒரு மனுஷனின் மகளுக்கு அதில் ஒரு சொட்டுக்கூட வந்திருக்காது.

இடம் கிடைத்தது. போய்ப் படித்தேன். இரண்டு வருடம் கழித்து வந்து பார்த்தால், சாமி படங்களுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு ஒரு காகிதம் மாட்டியிருந்தது. அறக்கட்டளை அச்சடித்து அனுப்பிய ஆங்கிலப் புத்தகத்தில் என் போட்டோ வந்த பக்கம். போட்டோவுக்குக் கீழே அந்தப் பத்து வரி. அப்பா அதைத் துண்டால் துடைத்துக் காட்டினார்.

அதற்கு மேல் தாங்கவில்லை. வரி வரியாகத் தமிழில் சொன்னேன். சாரைத் திட்டினேன், அந்த அம்மாளைத் திட்டினேன், என்னையும் திட்டிக்கொண்டேன். அப்பா கத்தியிருந்தால் தேவலை. அவர் அந்தச் சட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மார்க்கெட்ல காட்டினேன். பேங்குல காட்டினேன். எல்லாரும் நின்னு படிச்சாக, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல," என்றார். "பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்த ஹெட்மாஸ்டரு மட்டும் என் தோளத் தட்டி, இனிமேயாவது நல்லபடியா இருங்கன்னாரு. எதுக்குச் சொல்றாருன்னு இம்புட்டு நாளா யோசிச்சுக்கிட்டே இருந்தேன்த்தா."