மூத்தவர் விட்டுப்போன தொப்பி

எனக்கு எழுத வராது. நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத உட்கார்ந்தால் முன்னால் நடந்தது பின்னாலும் பின்னால் நடந்தது முன்னாலும் வந்துவிடுகிறது. சிலது மறந்தும் போயிற்று. வாசிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அப்போது நாங்கள் ஆஸ்டின் டவுனில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். மாமனார், என் வீட்டுக்காரர், நான், வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்சாதி. அவளை நான் அக்கா என்பேன். அண்ணன், நான் மூத்தவர் என்று சொல்வேன், ரங்கூனில் ஒரு மரக்கடையில் வேலைக்குப் போயிருந்தார். போகிற அன்று தன் ஃபெல்ட் தொப்பியை, கம்பளியை அழுத்திச் செய்தது, கூடத்து ஆணியில் மாட்டுவதற்காகக் கூடத்து ஆணியில் மாட்டினார்.

"அங்க வெயிலுக்கு சோலா தொப்பிதான் ஆகும். இது இங்கயே இருக்கட்டும், வந்து போட்டுக்கிறேன்" என்று அக்காவிடம் சொன்னார்.

பிறகு ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். கடிதம் நின்றுபோயிற்று. ஜனங்கள் காட்டு வழியாக நடந்தே வருகிறார்கள் என்று மாதா கோயிலில் பேசிக்கொண்டார்கள். பூசை முடிந்து வெளியே வரும்போது பேச்சு அக்காவைக் கண்டதும் நின்றுவிடும்.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரருக்கு ராணுவ ஸ்டோரில் கிளார்க்கு வேலை கிடைத்தது. அங்கே எல்லாரும் கோட்டும் தொப்பியுமாகப் போகிறவர்கள். யுத்தத்தில் புதுத் தொப்பிக்கு எங்கே போவது? மாமனார் ஆணியிலிருந்து அதை எடுத்து அவர் தலையில் வைத்தார். காது வரைக்கும் இறங்கிற்று.

"ஆவி காட்டிச் சுருக்கிடலாம்" என்றார் மாமனார். அவர் முன்பு துரை வீட்டில் பேரராக, சாப்பாடு துணிமணி எல்லாம் பார்க்கிறவராக இருந்தவர், இந்த வேலையெல்லாம் தெரியும்.

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். "போட்டுக்கட்டும் மாமா. பேப்பர் வெச்சுப் போட்டுக்கட்டும். ஆவி மட்டும் காட்டாதீங்க."

ஆவி பட்டுச் சுருங்கிய ஃபெல்ட் பழையபடி விரியாது. பேப்பரை எப்போது வேண்டுமானாலும் உருவி எடுத்துவிடலாம். சுருக்கிவிட்டால், மூத்தவர் வரமாட்டார் என்று நாங்களே தீர்த்துவிட்ட மாதிரி. அதனால் மாமனார் அந்த யோசனையை விட்டுவிட்டார்.

தொப்பிக்கு உள்ளே ஓடுகிற தோல் பட்டைக்குப் பின்னால் பழைய பேப்பரை மடித்து மடித்துச் செருகினேன். ரங்கூன் என்ற எழுத்து இருந்த தாளை எடுக்காமல் ஒதுக்கினேன். இரண்டொரு நாளில் வேர்வையில் பேப்பர் ஊறிப் பட்டைக்குக் கீழே பிதுங்கி, மை நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

"ஆபீஸ்ல ஒருத்தன் என் நெத்தியப் படிக்கிறான். யுத்தம் எப்ப முடியும்னு போட்டிருக்கா பாருன்றான்" என்று சொல்லி அவர் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாயிருந்தது.

ஒருநாள் மைதானத்து ஓரமாக சைக்கிளில் வரும்போது தொப்பி காற்றில் பறந்திருக்கிறது. எடுக்க ஓடினவர் ராணுவ லாரிக்கு முன்னால் விழுந்து, முழங்கை சிராய்த்து ரத்தத்தோடு வந்து சேர்ந்தார். மாமனார் அக்காவைப் பார்த்தார். அவள் தொப்பியைத் துடைத்து மறுபடி ஆணியில் மாட்டினாள்.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் ஓர் ஆள் காத்திருந்தான். மூத்தவரோடு ஒரே மரக்கடையில் இருந்தவனாம். கால் முழுக்கப் புண். அக்காவின் முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

"சேந்துதான்மா நடந்தோம். அவருக்குக் காய்ச்சல். ஆத்தங்கரையில உக்காந்துட்டாரு. நீங்க போய்னே இருங்க, பின்னாலயே வரேன்னாரு."

"உக்காந்தாரா, படுத்தாரா?" என்று கேட்டாள் அக்கா.

"உக்காந்துதாம்மா இருந்தாரு."

வீட்டுக்கு வந்ததும் அக்கா, பூசைக்குக் கட்டிய புடவையைக்கூட மாற்றாமல், கெட்டிலில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தாள். தொப்பியை எடுத்துவந்து மாமனார் மடியில் போட்டாள்.

ஆவி காட்டியதும் தொப்பியை மாட்டிக் காயவைக்கத் தலை அளவுக்கு ஒரு பாத்திரம் வேண்டும். வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகத் தலையில் கவிழ்த்துப் பார்த்தார். அலுமினிய தேக்சா கண்ணை மறைத்தது.

"அதையே போட்டுக்கினு போடா, குண்டு விழுந்தாலும் ஒண்ணும் ஆவாது" என்றார் மாமனார். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் ஒரு மண்சட்டி சரியாக இருந்தது.

தோல் பட்டையை நான் பிரித்தேன். மாமனார் கெட்டில் மூக்குக்கு நேரே தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். ஃபெல்ட் சூடேறியதும் உள்ளேயிருந்து மூத்தவருடைய தலையெண்ணெய் வாசனை கிளம்பிற்று. அவரே குளித்துவிட்டுக் கூடத்துக்கு வந்து நிற்கிற மாதிரி இருந்தது. அக்கா ஜன்னலைச் சாத்தினாள்.

ஈரத்தோடு சட்டிமேல் இழுத்துக் கவிழ்த்து, சணலால் இறுக்கிக் கட்டி, வெயிலில் காயவைத்தோம். காய்ந்த பிறகு பட்டை தொப்பிக்கு நீளமாகிவிட்டது. மிச்சத்தை வெட்டித் தைத்தேன். வெட்டிய தோல் துண்டை அக்கா கேட்டு வாங்கி ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

தொப்பி என் வீட்டுக்காரருக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் காலையில் அவர் சைக்கிளில் போவதைப் பின்னாலிருந்து பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். போகிறது யார் என்று ஒரு நிமிஷம் தெரியாது.

மழை தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் ஜட்கா வண்டியிலிருந்து ஓர் ஆளைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். பிச்சை கேட்க வந்தவர் என்று நினைத்து நான் சோறு எடுக்க உள்ளே திரும்பினேன். அக்காவுக்கும் அடையாளம் தெரியவில்லை. மாமனார்தான், "என் பையன்டி" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மூத்தவர் கூடத்தில் நின்று மூச்சு வாங்கினார். கண் ஆணிமேல் போயிற்று.

"பரவால்லியே, என் தொப்பிய பத்திரமா வெச்சிருக்கீங்க" என்று எட்டி எடுத்தார்.

அது அவர் தலையில் ஏறாது, உச்சியிலேயே நின்றுவிடும், அப்போது என்ன சொல்வது என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் போட்டுக்கொண்டார். தொப்பி வழுக்கிக்கொண்டு புருவம் வரைக்கும் இறங்கிற்று. காய்ச்சலில் முடியெல்லாம் கொட்டி, தலையே வற்றிப்போயிருந்தது.

"இன்னாடி இது, பெருசாயிடுச்சே" என்றார்.

அக்கா உள்ளே போய் ஒரு பழைய பேப்பரை எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள்.

தொப்பி சாம்பல் நிறமா பழுப்பா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. மூத்தவர் அந்த மழைக்காலம் முழுக்க இருந்தாரா, கிறிஸ்துமஸ் பூசைக்கு வந்தாரா என்பதும் குழம்புகிறது. அவரை அடக்கம் செய்த தேதி கோயிலில் எழுதியிருக்கும். யாராவது போய்ப் பார்த்து, நான் எழுதியது தப்பானால் திருத்திவிடுங்கள்.