மலர்மேல் எனக்கிருந்த பொறாமை

மலர் இறந்த செய்தியை என் மகள் அபிதான் சொன்னாள். நகரத்தின் மறுகோடியில், கிளேட்டனில் தங்கிப் படிக்கிற அபி எனக்கு அழைப்பெடுப்பதே அருமை. எதுவானாலும் ஆங்கிலத்தில் ஒரு வரி தட்டி அனுப்புவாள். அன்று தமிழில் அழுதாள். "அம்மா, மலர் அன்ரி போயிட்டா." மலருக்கு என்ன வருத்தம் என்பது அபிக்கு மாதக்கணக்காகத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கும் போய் வந்திருக்கிறாள். கிரெய்கிபர்னில் எதிர்வீட்டில் இருக்கிற என்னிடம் மலர் "கொஞ்சம் களைப்பு, ரீச்சர்" என்று மட்டும்தான் சொன்னாள். துக்கத்துக்கு முன்னால் எனக்குப் பொறாமைதான் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மலரை அறிந்த நீங்கள் எல்லோரும் இந்த நினைவுப் புத்தகத்தில் அவள் பொறுமையைப் புகழ்ந்துவிட்டீர்கள். உண்மைதான். அந்தப் பொறுமைக்கு எதிரே குடியிருந்து பார்த்திருந்தால் தெரியும்!

இரண்டாம் வகுப்போடு தன் மகள் துளசியைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, அரசாங்கத்தில் முறைப்படி பதிந்து, வீட்டிலேயே படிக்கவைத்தாள் மலர். நான் கணித ஆசிரியை. சனி ஞாயிறுகளில் என் கராஜில் கெட்டிக்காரரை மட்டும் எடுக்கிற செலக்டிவ் பள்ளிகளின் நுழைவுப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துகிறவள். ஒரு காலை, சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்த அபியைத் திட்டித் திட்டிக் காரில் ஏற்றும்போது, எதிரே தாயும் மகளும் இரவு உடுப்போடு குந்தியிருந்து எறும்பு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னேரம் நான் திரும்பியபோது எறும்பு போன பாதை முழுவதையும் துளசி சோக்கால் வரைந்து, அளந்துகொண்டிருந்தாள்.

"இண்டைக்குப் பாடம் ஒண்டும் இல்லையோ?" என்றேன்.

"இதுதான் ரீச்சர்" என்றாள் மலர். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அவளிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. துளசி என்ன கேட்டாலும் "எனக்கும் தெரியாது, வா பாப்பம்" என்பாள். மருந்தாளராக வேலை பார்த்தவள், உப்பு ஏன் கரைகிறது என்று தெரியாதாம்! ஏன் இந்தப் பொய் என்று நேரே கேட்டேன். "தெரியாதெண்டு சொல்லிப் பாருங்கோ, ரீச்சர். பிள்ளை கிட்ட வந்து இருக்கும்" என்றாள். எனக்கு எல்லாம் தெரியும். என் பிள்ளை கிட்ட வந்து இருந்ததில்லை.

பிறகு நான் செய்த கீழ்த்தரமான வேலையையும் எழுதத்தான் வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கும் பதினொரு வயது. மலர் பரமட்டாவில் இருந்த தமக்கையைப் பார்க்கப் போனபோது துளசியை என்னிடம் விட்டுப் போனாள். நான் பழைய பரீட்சைத் தாள் ஒன்றை எடுத்து, நேரம் வைத்து, துளசியை எழுதவைத்தேன். பாதிக்கு மேல் வெறுமையாக விட்டிருந்தாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. மறுநாள் மலர் திரும்பியதும் தாளைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

மலர் தாளைப் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள். பிறகு மகளிடம் கேட்டாள்: "இதில உனக்கு எது பிடிச்சது?" இரண்டு குழாயால் தொட்டி நிரம்புகிற கணக்கைத் துளசி காட்டினாள். அவ்வளவுதான், குசினிக் குழாயடியில் வாளிகளும் மணிக்கூடுமாக இறங்கிவிட்டார்கள். அந்தக் கணக்கை ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய, என் பின்னாலேயே வந்திருந்த என் அபி, உடுப்பு நனைய நனைய அவர்களோடு சிரித்துக்கொண்டிருந்தாள். "வீட்டை வா" என்றேன். "பிறகு வாறன், அம்மா" என்றாள். அதற்குப் பிறகு அவள் வளர்ந்தது அந்தக் குசினியில்தான். நான் மலரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

செத்தவீட்டில் அபி அழுததைப் பார்த்தீர்கள். துளசி அவளைத் தேற்ற வேண்டியிருந்தது. திரும்பும் வழியில் காருக்குள் என்னால் அடக்க முடியவில்லை. "நான் செத்தாலும் இப்பிடி அழுவியா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "ஓம், அழுவன் அம்மா. ஆனா அன்ரியோட எல்லாம் கதைச்சு முடிச்சனான். உங்களோட கதைக்க வேண்டினது எல்லாம் அப்பிடியே கிடக்கு."

காரை வீதியோரம் நிறுத்தினேன். அவள் கதைக்கத் தொடங்கினாள். இடையில் ஒரு சொல்லும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். பாதி என்னைப் பற்றிய குறைதான்.

மலரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது இந்தப் பொறாமையைத்தான். அது இல்லாவிட்டால் அந்தக் கேள்வியை என் மகளிடம் நான் ஒருநாளும் கேட்டிருக்கமாட்டேன்.