ஏழாவது கேள்வி

ஆறு கேள்விகளை முகம் பார்த்துக் கேட்டு முடித்ததும் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே இருப்பவரின் முகம் அவருக்கு வெறும் மங்கல். அதன் பிறகுதான் ஏழாவது: "வயித்துல குழந்தை இருக்குன்னு தெரியறதுக்கு முந்தின மாசம், எத்தனை நாள் குடிச்சிருப்பீங்க?"

கர்ப்பிணியிடம் "குடிப்பீங்களா?" என்று நேராகக் கேட்டால் தலை இல்லை என்றே ஆடும். 'தெரியறதுக்கு முந்தி' என்றால் குற்றம் பாதியாகிவிடுகிறது, வாய் திறக்கிறது. மருத்துவமனையின் மாடிப்படிக்குக் கீழே, நாற்காலி இரண்டு மட்டும் கொள்ளும் அறையில் பதினோரு வருடம் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்தார். மாத்திரை எழுதாமல் கேட்டுக்கொண்டே இருப்பதால் ஊழியர்கள் வைத்த பெயர் 'கேள்வி டாக்டர்'.

"ரெண்டாவது காபி குடிச்சேன்னு இவகிட்ட உளறிடக் கூடாது. எந்த வாரத்துலேர்ந்துன்னு ஆரம்பிச்சிடுவா" என்பார் கணவர். மற்றவர்கள் அவரைக் கேள்வி கேட்டால் மட்டும் டாக்டரிடம் ஒரே பதில்: "இருக்கலாம்." மகள் தன் காதலனை அழைத்து வந்து, பிடித்திருக்கிறதா என்று கேட்டபோதும் அதுதான். "இருக்கலாம்மா. இன்னும் கொஞ்சம் தகவல் வேணும்."

போன வருடம் அவருடைய ஆய்வுக் கட்டுரை வெளியானது. இப்படிக் கேட்டால் உண்மை வருகிறது, உண்மை வந்தால் சிகிச்சை சீக்கிரம் தொடங்குகிறது என்பது அதன் சாரம். மருத்துவமனை மகிழ்ந்துபோய் ஏழு கேள்விகளையும் தன் பதிவுப் படிவத்தில் அச்சடித்துக்கொண்டது. டாக்டர் வாங்கிய பதில்களில் பெயர் இருந்ததில்லை. புதிய படிவத்தில் பெயரும் முகவரியும் உண்டு. நகல் ஒன்று குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போகிறது.

நகல் விஷயம் டாக்டருக்கே தெரியாது. சொன்னவள் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். மூன்று வருடத்துக்கு முன் அவரிடம் உண்மையைச் சொல்லி, குடியை விட்டு, பெண் குழந்தை பெற்றவள். இப்போது மறுபடி நான்காம் மாதம். குடியும் மறுபடி தொற்றிக்கொண்டிருந்தது.

"பதிவு பண்ணப் போனேன் டாக்டரம்மா. உங்க கேள்வியவே கேக்கறாங்க. பதில் சொல்லாம எழுந்து வந்துட்டேன். பக்கத்து வீட்டுக்காரி நிஜத்தைச் சொன்னா. பெத்த மூணாம் நாள் குழந்தைங்க நல ஆபீஸ்காரங்க வந்து புள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"விசாரிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பாங்களே?"

"ரெண்டு மாசமா விசாரிக்கறாங்க. பால் கட்டி அவளுக்குக் காய்ச்சலே வந்துடுச்சு. நான் இல்லைன்னு சொல்லிடட்டுமா?"

"இல்லைன்னு சொன்னா மருந்து தர மாட்டாங்க. நீயா திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும். வயித்துல இருக்கறதுக்கும் ஆபத்து."

"அப்ப சொல்லிடறேன்."

"சொன்னா, நகல் அந்த ஆபீசுக்குப் போயிடுமே."

"என்ன டாக்டரம்மா, சொல்லுன்னும் சொல்றீங்க, வேணாம்னும் சொல்றீங்க! கேள்வி உங்களுதுதானே? பதிலையும் நீங்களே சொல்லிடுங்க."

டாக்டர் தன் கட்டுரையை எடுத்துப் புரட்டினார். நாற்பத்திரண்டு மேற்கோள்கள், ஒன்பது அட்டவணைகள். கடைசி வரி, 'மேலும் ஆய்வு தேவை' என்றது. மூடி வைத்தார். பதிலை எப்படி வாங்குவது என்று மட்டும் யோசித்திருந்தோமோ? அல்லது, கேட்காமலே இருந்திருந்தால் இவளுடைய முதல் குழந்தை என்ன ஆகியிருக்கும்? இரண்டும் சரியாகப் பட்டன. ஒன்றோடொன்று ஒட்டத்தான் இல்லை.

"வா, நானும் வரேன்" என்று எழுந்தார். வந்து என்ன செய்யப்போகிறார் என்பது அவருக்கே தெரியவில்லை.

பதிவு மேசையில் நர்ஸ் சிரித்தாள். "அட, பரீட்சை நடக்குற எடத்துக்குக் கேள்வித்தாள் எழுதினவங்களே வந்துட்டாங்க!" ஆறு கேள்விகள் மளமளவென்று முடிந்தன. ஏழாவதையும் அவள் கதவு எண்ணைக் கேட்பதுபோல, தலை நிமிராமல் படித்தாள்.

சலவைக்காரப் பெண் திரும்பி டாக்டரைப் பார்த்தாள். நர்ஸின் பேனா கட்டத்தை நோக்கி இறங்கியது.

டாக்டர் கையை நீட்டி, அந்த வரியை உள்ளங்கையால் மூடினார்.

"கையை எடுங்க டாக்டர். பின்னாடி இருபது பேர் நிக்கறாங்க."

பேனா காத்திருந்தது. டாக்டர் இன்னொரு கையையும் அந்தக் கையின்மேல் வைத்தார்.