போட்டது ரெண்டு டிஸ்க், தெரிந்தது ஒன்று

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒருவர் பெயர் கெடுவதற்கு, சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஷிப்ட் பஸ் ஒரு தடவை போய்வந்தால் போதும். என் பெயர் அப்படித்தான் கெட்டது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டார்.

"என்னம்மா, ரெண்டு டிஸ்க்குன்னு சொல்லிட்டு ஒண்ணுதான் போட்டுக் குடுத்தியாமே? பஸ்ஸு பூரா அதே பேச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பஜாரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. டவுன்ஷிப் வாடிக்கைதான் என் சோறு. அந்தப் பேச்சு நிலைத்துவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஹார்ட் டிஸ்க்கைவிடப் பல மடங்கு வேகமான எஸ்.எஸ்.டி. அப்போதுதான் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்தது. பெரியதாக வாங்கினால் கை சுடும். அதனால் ஒரு சின்ன எஸ்.எஸ்.டி.யையும் பெரிய ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துப் போடும் முறை ஒன்று இருந்தது. எல்லாம் பெரியதில் இருக்கும். அடிக்கடி எடுப்பதற்கு மட்டும் சின்னதில் ஒரு நகல் இருக்கும். பரணில் உள்ள சாமான்களில் தினமும் வேண்டியதை அடுப்பு மேடையில் எடுத்து வைத்துக்கொள்வது மாதிரிதான். விண்டோஸுக்கு இரண்டும் சேர்ந்து ஒரே டிஸ்க்; திரையில் ஒன்றுதான் தெரியும்.

அந்த ஒரே டிஸ்க்தான் வினையாகிவிட்டது. சுரங்கத்தில் கன்வேயர் செக்‌ஷனில் வேலை பார்க்கும் தணிகாசலம், இன்ஜினியரிங் படிக்கும் மகளுக்காக அப்படி ஒரு சிஸ்டம் வாங்கியிருந்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்லி முடிப்பதற்குள் அவரே சி.பி.யூ.வைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"ரெண்டு வாங்கனேன். ஒண்ணுதான் காட்டுது. இன்னொண்ணு எங்க?"

"உள்ள இருக்கு சார். ரெண்டும் ஒண்ணா சேந்து வேலை செய்யுது."

மூடியைக் கழற்றிக் காட்டினேன்.

"டப்பா இருக்குது. உள்ள சரக்கு இருக்குதான்னு எப்படித் தெரியும்?"

எனக்குக் கோபம் ஏறியது. சின்னதை நிறுத்திவிட்டு ஆன் செய்து காட்டினேன். மெதுவாக வந்தது. "இப்ப சேத்துப் போடறேன், வேகத்தைப் பாருங்க" என்று சவால் விட்டு மறுபடி சேர்த்து ஆன் செய்தேன்.

அப்போதும் மெதுவாகத்தான் வந்தது.

அவர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை டீலர் என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டானோ?

"செகண்ட் ஷிப்டுக்கு நேரமாவுது. இது இங்கயே இருக்கட்டும், நாளைக்கு வரேன்" என்று அவர் போய்விட்டார்.

அவர் போன பிறகு நாலைந்து தடவை அணைத்து அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் வேகம் கூடியது. அப்போதுதான் உறைத்தது. நிறுத்தியபோதே சின்னதில் இருந்த நகலெல்லாம் அழிந்துவிட்டது. எதை அடிக்கடி எடுக்கிறோம் என்று அது மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. இதை அவரிடம் எந்த வாயால் சொல்வது? சொன்னால் புதுக்கதை என்பார்.

யோசித்துப் பார்த்து, அந்த ஒரே டிஸ்க்கை சி, டி என்று இரண்டு பாகமாகப் பிரித்தேன். மறுநாள் வந்தவர் திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"இதோ, ரெண்டு தெரியுது பாரு. சி-தான அந்த வேகமான சின்னது?"

"இல்ல சார், அது வந்து..."

"இதைத்தானே நேத்துலருந்து கேட்டுக்கினு இருக்கேன்" என்று சி.பி.யூ.வைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நானும் பின்னாலேயே ஓடவில்லை.

அடுத்த வாரம் பஸ்ஸில் பேச்சு மாறிவிட்டது; ஜெராக்ஸ் கடைக்காரர் என்னை நல்ல பெண் என்றார். வியாபாரமும் வந்தது. எனக்கோ குழப்பம் தீரவில்லை. உள்ளதை உள்ளபடி செய்தபோது ஏமாற்றுக்காரி. இல்லாததைக் காட்டியபோது யோக்கியமானவள். இது என்ன நியாயம்?

ஒருநாள் தணிகாசலம் தன் செக்‌ஷன் நண்பர் ஒருவரை அழைத்து வந்தார். "இவருக்கும் நம்ம வூட்டுல இருக்கற மாதிரியே, ரெண்டா தெரியற மாதிரி போட்டுக் குடும்மா."

இதற்குமேல் என்னால் முடியவில்லை. பெயர் போனால் போகட்டும் என்று அந்தப் புது ஆள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். "சார், உங்களுக்குத் தெரியறது ஒரே டிஸ்க்தான். கோடு போட்டுப் பிரிச்சிருக்கேன். சி-ங்கறது அந்தச் சின்னது இல்ல."

தணிகாசலம் அசரவில்லை.

"தெரியும்மா. உங்கிட்ட விட்டுட்டுப் போன அன்னைக்கே, ரெண்டும் சேந்துதான் ஒண்ணா தெரியும்னு பொண்ணு சொல்லிட்டா. ஆனா பஸ்ஸுல முப்பது பேர்கிட்ட, ஒண்ணுதான் போட்டுட்டாங்கன்னு கத்தியாச்சி. ரெண்டாவது தெரிஞ்சாத்தான நான் இறங்கி வர முடியும்?"

நான் அவரை நம்பவைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். அவர் எப்போதோ நம்பிவிட்டிருந்தார்.

நண்பரிடம் திரும்பி, "உங்களுக்கு எப்படி சார்? ஒண்ணாவா, ரெண்டாவா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டாவே தெரியட்டும்மா. நானும் அதே பஸ்ஸுலதான் போறேன்."

சர்வீஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சிஸ்டத்தைக் கையில் கொடுக்கும்போது, அதை வாங்குகிறவர் மறுநாள் யாரிடம் போய் என்ன சொல்லப்போகிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.